கை இழந்தவருக்கு எதிரே நிற்கும் வக்கீல்

சட்டம் முடித்து இரண்டு வருடம் ஆன ஒருவர் கேட்டிருக்கிறார். கோவையில் ஒரு சீனியர் தன் ஆபீஸில் சேரக் கூப்பிடுகிறாராம். அவரிடம் இருப்பதெல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் மில், பட்டறை முதலாளிகளுக்கும் ஆஜராகும் விபத்து நஷ்டஈட்டு வழக்குகள். சேரலாமா, இதில் வருமானம் உண்டா என்பது கேள்வி. ஆனால் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது: "விரல் போனவன் எதிரே நின்று அவனுக்குக் காசு கிடைக்காமல் செய்கிற வேலைதானே இது என்று அப்பா கேட்கிறார்." வருமானத்துக்குப் பிறகு வருகிறேன். அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் கோவையிலும் திருப்பூரிலும் இருபத்தொரு வருடமாக இதே வழக்குகளை நடத்துகிறேன். முதல் நான்கு வருடம் ஒரு தொழிற்சங்க வக்கீலிடம் ஜூனியராகத் தொழிலாளிகள் பக்கம் இருந்தேன். அப்புறம் இந்தப் பக்கம் வந்தேன். மாறியதற்குக் காரணம் கொள்கை எதுவும் இல்லை, வீட்டு வாடகை. ஆகவே நான் சொல்வதில் கொஞ்சம் தற்காப்பு கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள். சாலை விபத்து வழக்குகளை, அதாவது எம்.சி.ஓ.பி.களை, நான் அதிகம் நடத்தியதில்லை. அதனால் பட்டறை விபத்து, பொது இடத்தில் நடக்கும் விபத்து இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வேலையிடத்து விபத்தில் 'தப்பு யாருடையது' என்று வாதாடுவோம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அந்தக் கேள்விக்கே இடம் கிடையாது. 1923-ல் வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் (2010 ஜனவரி முதல் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர், கோர்ட்டில் இன்றும் எல்லோர் வாயிலும் 'டபிள்யூ.சி. கேஸ்'தான்) முதலாளி மேல் குற்றம் இருக்கிறதா என்று கேட்பதே இல்லை. வேலையால், வேலை நேரத்தில் காயம் பட்டதா என்றுதான் கேட்கிறது. புதிதாக வரும் முதலாளிகள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் ஆரம்பிப்பார்கள்: "ஏனுங்க வக்கீலய்யா, அவன் கவனமில்லாமக் கைய உள்ள உட்டான், நான் எதுக்குங்க கட்டோணும்?" நான் சொல்லும் பதிலும் ஒரே மாதிரிதான். அவன் கவனமில்லாமல் விட்டாலும் கட்டத்தான் வேண்டும். குடித்திருந்தான், வேண்டுமென்றே பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றினான் என்ற எதிர்வாதங்களைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் 1995 செப்டம்பருக்குப் பிறகு, ஆள் இறந்துவிட்டாலோ நிரந்தரமாக முழு ஊனம் ஆகிவிட்டாலோ அந்த வாதங்களும் எடுபடாது. சின்னக் காயங்களுக்கு மட்டும் மிச்சம் இருக்கிறது. அதையும் நிரூபிப்பது லேசில்லை. பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் அடி விழும் என்று அமைத்திருப்பார்கள். வேகமாக வேலை ஓடட்டும் என்று ஒரு பட்டனில் கம்பியைச் செருகிவிட்டிருப்பார்கள், அல்லது கால் மிதி வைத்துக் கொடுத்திருப்பார்கள். 'தொழிலாளிதான் கழற்றினான்' என்று கவுன்டரில் (நாம் தாக்கல் செய்யும் பதில் மனுவில்) எழுதிவிட்டு வந்தால், குறுக்கு விசாரணையில் நம் சூப்பர்வைசரே "புரொடக்‌ஷனுக்காக நாங்கதான் எடுத்தோம்" என்று சொல்லிவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கிவிடுவார். எனக்கு இது மூன்று முறை நடந்திருக்கிறது. மூன்றாவது முறைக்குப் பிறகு பட்டறைக்கே நேரில் போய் மெஷினைப் பார்க்காமல் கவுன்டர் எழுதுவதில்லை.

அப்படியானால் எதிர்க்க என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். முதலில் பார்ப்பது இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் அந்தத் தொழிலாளி இ.எஸ்.ஐ.யில் இருக்க வேண்டும். இருந்தால் 1948-ம் வருடச் சட்டத்தின் 53-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. அவர் முதலாளியிடம் தனியாக நஷ்டஈடு கேட்க முடியாது, இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனிடம்தான் பலன் வாங்க வேண்டும். சிவில் கோர்ட்டில் கேட்கவும் முடியாது என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்க இது தொழிலாளிக்கு விரோதமாகத் தெரியும். ஆனால் நிரந்தர ஊனத்துக்கு இ.எஸ்.ஐ. மாதாமாதம் ஆயுள் முழுக்கக் கொடுக்கிறது. நான் பார்த்த வரைக்கும், டி.சி.எல். ஆபீஸில் (இந்த வழக்குகளை ஆணையராக இருந்து விசாரிக்கும் தொழிலாளர் துணை ஆணையரிடம்) மொத்தமாக வாங்கிய பணம் இரண்டு வருடத்தில் தங்கை கல்யாணத்துக்கோ கடனுக்கோ போய்விடுகிறது. இ.எஸ்.ஐ. பணம் சின்னதானாலும் வந்துகொண்டே இருக்கிறது. தொழிலாளி பக்கத்து ஜூனியர் வக்கீலிடம் "இ.எஸ்.ஐ. நம்பர் இருக்கு, அங்கே போட்டுக் கொடுங்க" என்று நானே ஃபாரத்தை எடுத்துக் கொடுத்து அனுப்பிய வழக்குகள் உண்டு.

இ.எஸ்.ஐ. இல்லை என்றால், அடுத்தது கணக்கு. இந்தக் கணக்குதான் நம் வேலையில் முக்கால்வாசி. சட்டத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறது. மாதச் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் வராது (2020 ஜனவரியிலிருந்து, அதற்கு முன்பு 8,000). முழு ஊனத்துக்கு அதில் 60 சதவீதம், இறப்புக்கு 50 சதவீதம். அதை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்குக் காரணி 207.98, நாற்பதுக்கு 184.17. முப்பது வயதுக்காரர், சம்பளம் 18,000, ஒரு கையில் இரண்டு விரல் போய்விட்டது என்று வையுங்கள். 15,000-ல் 60 சதவீதம் 9,000. அதை 207.98-ஆல் பெருக்கினால் 18,71,820. இரண்டு விரலுக்குச் சட்டத்தில் உள்ள காய அட்டவணை 20 சதவீதம் தருகிறது. ஆக 3,74,364 ரூபாய். கட்டை விரல் முழுதும் போயிருந்தால் 30 சதவீதம், ஐந்தரை லட்சத்துக்கு மேல். ஒரு கண் பார்வை போய் இன்னொரு கண் நன்றாக இருந்தால் 30. இதில் பெரிய வாதத்துக்கு என்ன இருக்கிறது? கால்குலேட்டர் வைத்திருக்கும் யாரும் போட்டுவிடலாம். அப்படி இருந்தும் இந்த மாதிரி வழக்கை நான்கு வருடம் இழுப்பவர்கள் இருக்கிறார்கள்.

விபத்து நடந்த நாளிலேயே பணம் கொடுக்க வேண்டிய பொறுப்பு வந்துவிடுகிறது என்று உச்ச நீதிமன்றம் 1975-லேயே சொல்லியாயிற்று. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீதம் வட்டி. சரியான காரணம் இல்லாமல் இழுத்தால் அதற்கு மேல் ஐம்பது சதவீதம் வரை அபராதமும் போடலாம். மேலே சொன்ன மூன்றே முக்கால் லட்சத்துக்கு வருடம் 44,924 ரூபாய் வட்டி. நான்கு வருடம் இழுத்தால் கிட்டத்தட்ட ஒரு லட்சத்து எண்பதாயிரம். அப்புறம் மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் முழுத் தொகையையும் முன்பே கட்டிய சான்றை வைக்க வேண்டும். உயர் நீதிமன்றமும் சட்டக் கேள்வி இருந்தால்தான் கேட்கும், சம்பளம் பதினான்காயிரமா பதினைந்தாயிரமா என்பதை அங்கே கொண்டுபோக முடியாது. நல்ல எதிர்த்தரப்பு வக்கீல், அதாவது நம் பக்கத்து வக்கீல், முதல் வாரத்திலேயே கட்சிக்காரருக்கு எழுதும் கருத்துக் கடிதத்தில் "இதில் எதிர்க்க ஒன்றும் இல்லை, இவ்வளவு ரூபாயை உடனே டெபாசிட் செய்துவிடுங்கள்" என்று எழுதுகிறவர். எழுதினால் அந்தக் கேஸில் வாய்தா ஃபீஸ் வராது. உங்கள் அப்பா இதை நம்ப மாட்டார் என்று தெரியும், ஆனால் இப்படி எழுதுபவர்களிடம்தான் கம்பெனி அடுத்த வருடமும் கேஸ் கட்டு அனுப்புகிறது. எல்லாக் கம்பெனியும் என்று சொல்லவில்லை.

கட்டுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இறப்பு வழக்கில் குடும்பத்தின் கையில் கொடுத்த பணம் நஷ்டஈடாகக் கணக்கில் வராது. ஆணையரிடம்தான் டெபாசிட் செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு ஃபவுண்டரி முதலாளி, நல்ல மனுஷன், இறந்தவரின் பதினாறாம் நாளன்று ஊர்ப் பெரியவர்களை வைத்து மூன்று லட்சம் எண்ணிக் கொடுத்து, இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்று முத்திரைத்தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். ஒன்றரை வருடம் கழித்து அந்த அம்மாவின் தம்பி நோட்டீஸ் அனுப்பினார். அந்த முத்திரைத்தாள் வெறும் காகிதம். உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் சட்டப்படி செல்லாது. முழுத் தொகையையும் மறுபடி வட்டியோடு கட்டினார். "அன்னிக்கே உங்ககிட்ட வந்திருக்கோணும்" என்றார். அவருடைய நல்ல மனசை விசாரணையில் சொல்லிப் பார்த்தேன். ஆணையர் தலையாட்டினார், தொகையைக் குறைக்கவில்லை.

நிஜமான சண்டை நடக்கும் இடம் சதவீதம். அட்டவணையில் இல்லாத காயங்கள், அதாவது எலும்பு முறிவு, முதுகுத்தண்டு, தலைக்காயம். இதற்கு 'சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது' என்று டாக்டர் சொல்ல வேண்டும். உடல் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறன் வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாத வக்கீல் இரண்டு பக்கமும் தோற்பார். மேலே சொன்ன 1975 தீர்ப்பு ஒரு தச்சருடையது. இடது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. அட்டவணைப்படி 70 சதவீதம்தான் என்று முதலாளி வாதாடினார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியுமா, ஆகவே நூறு சதவீதம் என்று நீதிமன்றம் தீர்த்தது. அந்த வழக்கைத் தொழிலாளி பக்கத்து வக்கீல்கள் எல்லாக் கேஸிலும் தூக்கிக்கொண்டு வருவார்கள். டிரைவரின் கணுக்கால் விறைத்துப்போனால் நூறா? வாட்ச்மேனுக்கு அதே கணுக்கால் என்றால்? இங்கே உறுதியான பதில் கிடையாது. ஒரே மாதிரிக் காயத்துக்கு ஒரு ஆணையர் 40 போட்டதையும் இன்னொருவர் 100 போட்டதையும் ஒரே வருடத்தில் பார்த்திருக்கிறேன். இந்த இடத்தில்தான் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நியாயமான வேலை இருக்கிறது. சிகிச்சையே தராத டாக்டர், ஒரு தடவை பார்த்துவிட்டு 60 சதவீதம் என்று சர்ட்டிபிகேட் எழுதியிருப்பார். எக்ஸ்ரே எப்போது எடுத்தது, மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, அளக்கும் கருவியை வைத்து அளந்தீர்களா, ஆள் இப்போது வேலைக்குப் போகிறாரா என்று நான்கு கேள்வி கேட்டால் 60 முப்பதுக்கு இறங்கும். இறங்க வேண்டியதாக இருந்தால்தான் இறங்கும். ஒருமுறை நான் கேட்டுக்கொண்டே போக, டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "சார், நான் அறுபது போட்டது குறைவு. நரம்பும் போயிருக்கு." அன்றைக்கு நான் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் ஐந்து நிமிடம் அதிகமாக நின்றுவிட்டேன்.

இன்னொரு சந்தேகப் பகுதி மாரடைப்பும் வழிப்பயணமும். வேலையில் இருக்கும்போது மாரடைப்பு வந்து இறந்தால் அது விபத்தா? 2006-ல் நெல்லூரில் ஒரு ஆலைத் தொழிலாளி வழக்கில், அவர் வேலை சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும் மட்டும்தான், அந்த வேலைக்கும் மாரடைப்புக்கும் சம்பந்தம் காட்டவில்லை என்று உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2012-ல் வெகுதூரம் லாரி ஓட்டிப்போய் வழியில் இறந்த டிரைவரின் வழக்கில், அந்த வேலையின் அழுத்தமே காரணம் என்று பணம் கொடுக்கச் சொன்னது. இரண்டுக்கும் நடுவில்தான் நம் கேஸ்கள் எல்லாம் விழும். வழிப்பயணமும் அப்படித்தான். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்து முதலாளியின் தலையில் வராது என்று நாங்கள் பல வருடம் ஜெயித்துக்கொண்டிருந்தோம். இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ல் ஒரு பிரிவைச் சேர்த்து அதை மாற்றினார்கள். அதற்குப் பிறகும் டபிள்யூ.சி. கேஸில் பழைய வாதம் ஓடியது. 2025 ஜூலையில், அதிகாலைப் பணிக்கு பைக்கில் போகும்போது இறந்த சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவரின் வழக்கில், நேரம், இடம், வேலை மூன்றுக்கும் தொடர்பு இருந்தால் அதுவும் வேலையில் நடந்த விபத்துதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2003-ல் இறந்தவர் அவர். இருபத்திரண்டு வருடம். அவருடைய குடும்பத்தை நினைத்தால் எந்தப் பக்கத்து வக்கீலுக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். பழைய கவுன்டர் மாதிரியை வைத்துக் காப்பி அடிக்கும் ஆபீஸில் சேர்ந்தால் இதையெல்லாம் தெரிந்துகொள்ள மாட்டீர்கள்.

யார் உங்கள் கட்சிக்காரர் என்ற குழப்பத்தை நான் சேரும்போது யாரும் சொல்லித்தரவில்லை. முதலாளி முதல் எதிர்மனுதாரர், இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டாவது. வெளியே பார்த்தால் ஒரே பக்கம். உள்ளே போனால் இரண்டு பேருக்கும் எதிரெதிர் லாபம். லாரி போன்ற வாகனப் பாலிசியில் வட்டியையும் இன்சூரன்ஸ்தான் கட்ட வேண்டும், அபராதம் மட்டும் முதலாளி மேல் என்று 1997 தீர்ப்பு. ஆனால் பட்டறைக்கு எடுக்கும் சாதாரணப் பாலிசியில் வட்டி கிடையாது என்று எழுதி வைத்திருந்தால் அது செல்லும் என்று 2006 தீர்ப்பு. அதாவது கம்பெனி வக்கீல் வாய்தா வாங்க வாங்க, முதலாளியின் பையிலிருந்து வட்டி போகிறது. இது தெரியாமல் "இன்சூரன்ஸ்காரங்க பாத்துக்குவாங்க" என்று முதலாளி கோர்ட்டுக்கே வருவதில்லை. மருத்துவச் செலவையும் 2010-லிருந்து முதலாளிதான் திருப்பித் தர வேண்டும், கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால்தான் பாலிசியில் வரும். பாலிசியில் எத்தனை ஆள், என்ன சம்பளம் என்று காட்டியிருப்பார்கள் பாருங்கள், முப்பது பேர் வேலை செய்யும் இடத்தில் எட்டுப் பேருக்குப் பாலிசி. ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்குத் தனியாக எழுதி வாங்கியிருக்க வேண்டும், வாங்கியிருக்க மாட்டார்கள். 2014 ஜூனில் சென்னை மவுலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்த கட்டட வேலைக்காரர்கள். அந்த மாதிரி இடங்களில் 'அவர்கள் ஒப்பந்தக்காரர் ஆட்கள்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இழப்பீட்டுச் சட்டத்தின் 12-வது பிரிவு முதன்மை முதலாளியைக் கட்டச் சொல்கிறது, பிறகு அவர் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். தற்காலிக ஆள் என்ற சாக்கும் 2000-வது வருடத்துத் திருத்தத்தோடு போய்விட்டது.

சில முதலாளிகள் மஸ்டர் ரோலை, அதாவது ஆட்களின் வருகைப் பதிவேட்டை, மாற்றிவிட்டு வேறு மாதிரி உதவி கேட்பார்கள். "மஸ்டர் ரோல்ல பேரு எடுத்துட்டேனுங்க, இனி அவன் நம்ம ஆளே இல்ல." விபத்து நடந்த மறுநாள் இ.எஸ்.ஐ.யில் பதிந்துவிட்டு முந்தின மாதமே சேர்ந்ததாகக் காட்டலாமா என்பார்கள். எதிர்ப்புறமும் சுத்தம் என்று நினைக்காதீர்கள். வீட்டு மாடியில் விழுந்த காயத்தைப் பட்டறையில் விழுந்ததாகக் காட்டுவது, முதலாளியே தொழிலாளியோடு சேர்ந்து சம்பளத்தைக் கூட்டிச் சொல்வது எல்லாம் உண்டு. ஆஸ்பத்திரியில் முதலில் போடும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பிதான் இதில் உண்மை பேசும். விபத்து நடந்து ஒரு மணி நேரத்தில், நஷ்டஈடு நினைப்பே வராத நேரத்தில், நோயாளி சொன்னதை டியூட்டி டாக்டர் எழுதிவைப்பது. இருபது வருடத்தில் நான் ஜெயித்த வழக்குகளில் பாதி அந்த ஒரு தாளால்தான். மஸ்டர் ரோலைத் திருத்திய முதலாளியிடம் "அந்தத் தாளை நான் தாக்கல் செய்ய மாட்டேன், வேறு வக்கீலைப் பாருங்கள்" என்று கட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். வேறு வக்கீலைப் பார்த்தார், அந்த வழக்கில் ஜெயித்தும் விட்டார். அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களிடம் நேர்மையாக இல்லை.

பொது இடத்து விபத்துகள் தனி உலகம். இங்கே யார் தப்பு என்பது முக்கியம், அட்டவணையும் கிடையாது. அறுந்து கிடக்கும் மின்கம்பி, மூடாத சாக்கடை, மால் எஸ்கலேட்டர், கல்யாண மண்டபத்து லிஃப்ட். '1991-ம் வருடப் பொதுப் பொறுப்பு இன்சூரன்ஸ் சட்டம்' என்று பெயரைப் பார்த்து ஜூனியர்கள் ஏமாறுவார்கள். அது போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, ஆபத்தான ரசாயனங்களைக் கையாளும் இடங்களுக்காக வந்தது, கல்யாண மண்டபத்துக்கு அதில் வேலை இல்லை. இங்கே சட்டம் வளர்ந்ததெல்லாம் தீர்ப்புகளில்தான். மத்தியப் பிரதேசத்தில் மழை இரவில் சைக்கிளில் வந்தவர் தண்ணீரில் கிடந்த மின்கம்பி மேல் சைக்கிளை ஏற்றி இறந்தார். யாரோ திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டதால் கம்பி விழுந்தது என்று மின்வாரியம் சொன்னது. ஆபத்தான பொருளை வைத்திருப்பவர் அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்ததற்கு மாநகராட்சி பொறுப்பில்லை என்று அதே நீதிமன்றம் 1997-ல் சொல்லியிருக்கிறது. ஆக மின்சாரம் என்றால் எதிர்த்தரப்புக்குக் கை கட்டிப்போட்ட மாதிரி, மரம் என்றால் வாதாட இடம் உண்டு. தொகையும் அப்படித்தான். 1997-ல் டெல்லி உப்ஹார் தியேட்டர் தீயில் 59 பேர் இறந்தார்கள். இருபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உயர் நீதிமன்றம் 18 லட்சம் போட்டது, உச்ச நீதிமன்றம் 2011-ல் 10 லட்சமாக்கியது. விரலுக்கு மூன்றே முக்கால் லட்சம் என்று நான் சொன்னது போல இங்கே யாரும் அடித்துச் சொல்ல முடியாது. சொல்பவரை நம்பாதீர்கள். பாதிக்கப்பட்டவருக்கு வழியும் கடினம். சிவில் கோர்ட்டில் கேட்கும் தொகைக்கு 3 சதவீதம் ஸ்டாம்ப் கட்ட வேண்டும் (2017 வரை ஏழரை). இருபது லட்சம் கேட்டால் அறுபதாயிரம். இறப்பு என்றால் இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் 'உண்மை சர்ச்சையில் இருக்கிறது, சிவில் கோர்ட்டுக்குப் போ' என்று எங்களைப் போன்றவர்கள் எழுந்து சொல்வோம். இந்த இடத்தில் உங்கள் அப்பா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. சட்டம் தெரியாததால் அல்ல, கோர்ட்டுக்கு வரும் வழி நீளமானதால் பலர் வருவதில்லை. அந்த நீளத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு.

வருமானம் கேட்டீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனி பேனலில் ஒரு கேஸுக்கு இவ்வளவு என்று பட்டியல் இருக்கும், குறைவான தொகை, பில் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கேஸ் எண்ணிக்கைதான் காப்பாற்றும். தனியார் முதலாளிகள் கூடுதலாகக் கொடுப்பார்கள், ஆனால் ஆர்டர் பாதகமாக வந்த அன்று போன் எடுக்க மாட்டார்கள். ஜூனியராக முதல் ஐந்து வருடம் கையில் நிற்பது சொற்பம்தான். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் குறைவு. எக்ஸ்ரே படிக்கவும் டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்யவும் மெஷின் ஓடுவதைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் இங்கேதான் வரும். இன்னொன்று, 2025 நவம்பர் 21-ல் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, 1923 சட்டம் அதற்குள் ஏழாவது அத்தியாயமாகப் போய்விட்டது, 1948 இ.எஸ்.ஐ. சட்டமும் அதற்குள் போய்விட்டது. அடிப்படை அதேதான், பழைய விபத்துகள் பழைய சட்டத்திலேயே பல வருடம் ஓடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் இளையவர்களுக்கு இப்போது மவுசு இருக்கிறது, என் வயதுக்காரர்களுக்குச் சோம்பல்.

சேரலாமா என்பதற்கு, அந்த சீனியரைத் தெரியாமல் நான் பதில் சொல்ல முடியாது. ஒன்று செய்யுங்கள். அவர் ஆபீஸில் ஒரு வாரம் உட்கார்ந்து, முடிந்துபோன பத்துக் கட்டுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கவுன்டரில் எல்லாவற்றிலும் "மனுதாரர் எங்கள் பணியாளரே அல்ல, விபத்து நடக்கவே இல்லை, வயது, சம்பளம், காயம் அனைத்தும் மறுக்கப்படுகிறது" என்று ஒரே வாசகம் பெயர் மட்டும் மாறி இருந்தால், அங்கே நீங்கள் கற்றுக்கொள்ளப்போவது வாய்தா வாங்கத்தான். ஏ.ஆர். காப்பியும் பட்டறை போட்டோவும் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் பென்சிலில் குறித்த தாளும் கட்டில் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் கருத்துக் கடிதங்கள். பத்தில் இரண்டு மூன்றிலாவது "உடனே டெபாசிட் செய்யுங்கள்" என்று அவர் கையெழுத்தில் எழுதியிருந்தால் சேர்ந்துவிடுங்கள். அந்தக் கடிதம் ஒன்றின் நகலை, பெயர்களை மறைத்துவிட்டு, அப்பாவிடம் காட்டுங்கள்.